நோயும் நோவும்: அக்குபங்சர் ஊசி எதைத் தொடுகிறது?

அமெரிக்காவின் சியாட்டில், ஓக்லண்டு நகரங்களில் நாட்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 638 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2009இல் வெளியானது. அக்குபங்சர் ஊசியை இறக்க மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பயன்படுத்துவது வழக்கம். குழாயைத் தோலில் ஊன்றி, மேலே தலைநீட்டும் ஊசியை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் முனை உள்ளே இறங்கிவிடும். இந்தச் சோதனையில் ஒரு பிரிவினருக்கு அந்தக் குழாய்க்குள் ஊசிக்குப் பதிலாகப் பல்குத்தும் குச்சியைப் போட்டார்கள். குப்புறப் படுத்திருப்பவருக்குத் தட்டுவது தெரியும், சுருக்கென்று ஏதோ படுவதும் தெரியும். குச்சி தோலைத் துளைக்காது. லேசாகத் திருகிவிட்டு எடுத்துவிடுவார்கள். பிறகு ஊசியை உருவுவதுபோல இன்னொரு முறை தொட்டு எடுப்பார்கள். இரண்டாம் பிரிவினருக்கு எல்லாருக்கும் பொதுவான புள்ளிகளில் உண்மையான ஊசி. மூன்றாம் பிரிவினருக்கு, சிகிச்சையாளர் ஒவ்வொருவரையும் தனியே பார்த்து, அவரவர்க்கென்று தேர்ந்த புள்ளிகளில் ஊசி. நான்காம் பிரிவினர் வழக்கமாக எடுத்துவந்த மருத்துவத்தோடு விடப்பட்டார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, குனிவது, நடப்பது, எழுந்து உட்காருவது போன்ற அன்றாடக் காரியங்களில் இருந்த முடக்கம் முதல் மூன்று பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. அந்த அளவு, நான்காம் பிரிவினருக்குக் குறைந்ததைப்போல் இரண்டு மடங்கு.

இந்த முடிவை இரு தரப்பாரும் பாதிப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு போகிறார்கள். வழக்கமான மருத்துவத்தைவிட ஊசி இரண்டு மடங்கு பலன் தந்தது என்று அக்குபங்சர்காரர்கள் சொல்கிறார்கள். ஊசிக்கும் குச்சிக்கும் வேறுபாடு இல்லையே என்று மறுப்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒருசேர விளக்கும் கருத்து எது என்பதே கேள்வி. தமிழில் நோய், நோவு என்ற இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். இங்கே ஒரு வசதிக்காக அவற்றைப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். உடம்புக்குள் நடக்கும் கேடு நோய். அதை ஒருவர் அனுபவிக்கும் துன்பம் நோவு. அக்குபங்சர் பெரும்பாலும் நோவின்மேல் வேலை செய்கிறது, நோயின்மேல் மிக அரிதாக. அதன் பயனும் அதன் ஆபத்தும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பழமை வாதத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். ‘ஐயாயிரம் ஆண்டுப் பழமை’ என்பது இத்துறையின் விளம்பரப் பலகைகளில் அடிக்கடி காணும் வரி. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் மாவாங்துய் என்னும் இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973இல் தோண்டியபோது பட்டில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. உடலில் ஓடும் பதினொரு தடங்களைப் பற்றி அவை பேசுகின்றன, மூலிகையைக் கொளுத்திச் சூடு வைப்பதைப் பற்றிப் பேசுகின்றன. ஊசி குத்துவதைப் பற்றிப் பேச்சில்லை. ஊசிக் கோட்பாட்டை விரித்துச் சொல்லும் ‘மஞ்சள் பேரரசரின் உள்நூல்’ ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்டது. அது சொல்லும் ஒன்பது வகை ஊசிகளில் சீழ்க்கட்டியைக் கீறிவிடும் வாள் வடிவ ஊசியும் ஒன்று. பல நூற்றாண்டுகள் அது இரத்தம் வடிப்பதோடும் கட்டி கீறுவதோடும் கலந்தே இருந்த கலை. அரசவை மருத்துவக் கழகத்தில் அதைக் கற்பிக்கக் கூடாதென்று 1822இல் தடை போட்டவரும் சீனப் பேரரசர்தான். இன்று நாம் காணும் மயிரிழை போன்ற எஃகு ஊசி, இரத்தக் குழாய்களை விலக்கி நரம்பமைப்புக்கு ஒத்துவர வைத்த புள்ளிகள் ஆகியவற்றில் பெரும்பகுதி 1930களில் செங் தான்ஆன் என்ற சீர்திருத்தக்காரர் செய்த திருத்தம். 1950களில் மருத்துவர் பஞ்சத்தில் தவித்த நாட்டுக்கு மாவோ இதைப் பெரிதாக முன்னிறுத்தினார். தம் உடம்புக்கு அவர் சீன மருத்துவத்தை நம்பவில்லை என்று அவருடைய அந்தரங்க மருத்துவர் லி ஜிசூய் பின்னாளில் எழுதினார். ‘அக்குபங்சர்’ என்ற சொல்லே சீனமன்று. ஊசி, குத்து என்னும் பொருளுள்ள இரு இலத்தீன் சொற்களை ஒட்டி, வில்லெம் தென் ரைன் என்ற டச்சு மருத்துவர் 1683இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவியது. போகர் சீனம் போன கதையைக் கொண்டுவந்து இதற்குத் தமிழ்ப் பட்டயம் எழுதுவோரும் நம்மிடையே உண்டு. பழமை ஒரு சிகிச்சைக்குச் சான்றாகாது; இங்கே அந்தப் பழமையே பாதி புதுமை.

மேற்குலகுக்கு அக்குபங்சர் ஆர்வம் தொற்றியது 1971 கோடையில். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. ஊசி குத்தியே வயிற்றைத் திறந்தார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். அவரே எழுதியது அப்படியன்று. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்துதான் போட்டார்கள். இரண்டாம் நாள் இரவு வயிற்று உப்புசத்தால் தவித்தபோது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் மூன்று ஊசி குத்தி, மூலிகைச் சூடும் காட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் ஆசுவாசமானது. அறுவைக்குப் பின் வரும் வாயு உபத்திரவம் தானாகவும் இறங்கும் என்பதை விட்டுவிடுவோம். அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போக, ஊசி உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது.

விஞ்ஞானிகள் இதை ஏளனம் செய்து ஒதுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். உடல் தானே சுரக்கும் அபின் போன்ற வலிநீக்கிப் பொருள்கள் 1970களின் நடுவில் கண்டுபிடிக்கப்பட்டன. 1977இல் டேவிட் மேயர் குழுவினர் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள புள்ளியைத் தூண்டிப் பல்வலி உணர்வைக் குறைத்தார்கள். பிறகு அபினின் வேலையை முறிக்கும் நலாக்சோன் மருந்தைச் செலுத்தியதும் வலி உணர்வு திரும்பியது. எனவே அந்த வலிக்குறைவு வெறும் பிரமையன்று, உடலின் இரசாயனம். 2010இல் எலிகளின் முழங்காலருகே ஊசியை இறக்கி அரைமணி நேரம் அவ்வப்போது திருகியபோது, அவ்விடத்தில் அடினோசின் என்னும் பொருள் 24 மடங்கு கூடியது. அடினோசினை உணரும் ஏற்பியை நீக்கிப் பிறப்பித்த எலிகளில் வலி குறையவில்லை. 2021இல் மா சியூஃபு குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள்: எலியின் பின்னங்காலில் குறிப்பிட்ட இடத்தில் மெல்லிய மின்சாரத்தோடு ஊசி தூண்டினால் வேகஸ் நரம்பு வழியாக உடலின் அழற்சி தணிகிறது, வயிற்றில் அதே அளவு தூண்டினால் தணிவதில்லை, ஏனென்றால் அதற்கு வேண்டிய நரம்பிழைகள் காலின் ஆழத் திசுவில்தான் உண்டு. ஆக, எங்கே குத்துகிறோம் என்பது சில இடங்களில் பொருட்டாகலாம். ஆனால் அப்படிப் பொருட்டாவது நரம்பு ஓடும் வழியால். ‘ச்சி’ என்னும் உயிராற்றல் ஓடும் பன்னிரண்டு பாதைகளால் அன்று. எலிக்கு நம்பிக்கை ஏது, மருந்துப்போலி (பிளாசிபோ) விளைவு ஏது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: ஊசி உடம்பில் ஏதோ செய்கிறது என்பதில் ஐயமில்லை. சந்தையிலிருந்து வீடு திரும்பும் மனிதரின் இடுப்பில் அந்த ‘ஏதோ’ எவ்வளவு பெரியது என்பதுதான் வழக்கு.

அதை அளக்கத்தான் போலி ஊசி வந்தது. ஜெர்மானியர் ஷ்ட்ரைட்பெர்கர் 1998இல் ஒன்றைச் செய்தார். தோலில் ஒரு பிளாஸ்டிக் வளையம், அதன்மேல் பிளாஸ்திரி, அதன் வழியே மழுங்கிய முனையுள்ள ஊசி. அழுத்தினால் நாடக மேடைக் கத்தியைப் போலப் பிடிக்குள் பின்வாங்கிக்கொள்ளும். பார்ப்பவருக்கும் குத்துப்படுபவருக்கும் உள்ளே போனதாகவே தோன்றும். ஜெர்மனியின் அரசுசார் காப்பீட்டு நிறுவனங்கள் காசு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் பெரிய சோதனைகளுக்கு ஏற்பாடு செய்தன. அவற்றுள் ஒன்றில், நாட்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு முறையான ஊசி, ஒரு பிரிவுக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய ஊசி, மற்றொன்றுக்கு மருந்து, உடற்பயிற்சி அடங்கிய வழக்கமான சிகிச்சை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் தேறியவர்கள் முறையே 47.6%, 44.2%, 27.4%. முதலிரண்டுக்கும் இடையே இருப்பது சிறு கீறல். மூன்றாவதோடு இருப்பது பள்ளத்தாக்கு. ஊசியை எதிர்பார்த்து வந்தவர்கள் மறுபடி மாத்திரை கிடைத்து மனம் சோர்ந்திருப்பார்கள் என்ற ஐயம் நியாயமானது, அந்தப் பள்ளத்தில் ஒரு பகுதியை அது நிரப்பவும் கூடும். ஆனாலும் படம் மாறவில்லை. பல நாடுகளில் நடந்த 29 சோதனைகளில் கலந்துகொண்ட ஏறத்தாழ 18,000 பேரின் தரவுகளை ஒன்றுதிரட்டி ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழுவினர் 2012இல் கணக்கிட்டார்கள். புரியும்படி அவர்களே ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார்கள்: நூறுக்கு அறுபது என்று இருந்த வலி, ஊசியே போடாதவருக்கு 43 ஆகும், போலி ஊசி போட்டவருக்கு 35, உண்மை ஊசி போட்டவருக்கு 30. குறைந்த முப்பதில் ஊசி முனைக்கே உரியது ஐந்து. மற்றவை நாளாவட்டத்தில் தானே தணிந்ததும், படுக்கவைத்து, கவனித்து, தொட்டு நடத்திய சடங்கால் வந்ததும்.

இங்கே அக்குபங்சர் தரப்பின் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. போலி ஊசி என்பது வெறுமையன்று, தோலைத் தொட்டாலே நரம்பு விழிக்கிறது, ஆகவே போலியோடு ஒப்பிடுவது பலவீனமான ஊசியோடு வலுவான ஊசியை ஒப்பிடுவதாகும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால் விளைவது என்ன? நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, பாதையைத் தேர்ந்து, முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகளில் எது என்று முடிவு செய்யும் அந்த வித்தை முழுவதும் பல்குத்தும் குச்சிக்கு அடங்கிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்தால்தான் பலன் என்ற வாதத்துக்கும் சியாட்டில் சோதனை இடம் வைக்கவில்லை. தனியே பார்த்தவர்களும் பொதுப்புள்ளியில் குத்தப்பட்டவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். சிகிச்சையைக் காப்பாற்றப் போய்க் கோட்பாட்டைக் கைவிடும் மறுப்பு இது. சீனத்தில் நடந்த சோதனைகள் அமோகமான பலன் காட்டுகின்றனவே என்றால், 1998இல் விக்கர்ஸும் சிலரும் அதையும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் திரட்டியவற்றில் சீனம், ஜப்பான், ஹாங்காங், தைவானிலிருந்து வந்த அக்குபங்சர் சோதனைகள் ஒன்றுகூடத் தோற்கவில்லை. எழுதியவர் எல்லாரும் தேறிவிடும் தேர்வை நம்புவது கடினம்.

அப்படியானால் இது வெறும் ஏமாற்று, ஒழித்துக்கட்ட வேண்டியது என்பது எதிர்முனையின் கட்சி. இதுவும் அவசரம். சடங்கு என்ற சொல்லை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. டெட் கப்சுக் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் 2008இல் குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேரை எடுத்துக்கொண்டார். எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 28% பேருக்கு மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் கிடைத்தது. முகம் கொடுத்துப் பேசாமல் போலி ஊசி மட்டும் போட்டவர்களில் 44%. அதே போலி ஊசியை, உட்காரவைத்து, கதை கேட்டு, ‘உங்கள் கஷ்டம் புரிகிறது’ என்று கனிவாகச் சொல்லிப் போட்டவர்களில் 62%. ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அடுத்தவரை அழைக்கும் வெளிநோயாளிப் பிரிவு இந்த எண்ணைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டும். மருந்துப்போலி விளைவு மாற்று மருத்துவத்தின் தனிச்சொத்தும் அன்று. முழங்கால் மூட்டுத் தேய்வுக்குத் துளைவழி அறுவை செய்தவர்களும், தோலை மட்டும் கீறித் தைத்துவிடப்பட்டவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள் என்று அமெரிக்காவில் 180 பேரிடம் நடந்த சோதனை 2002இல் காட்டியது. நாட்பட்ட இடுப்புவலிக்கு அலோபதியிடம் கைவசம் இருப்பது என்ன? வயிற்றைப் புண்ணாக்கி, நாளானால் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும் வலிமாத்திரை. அதற்கு மேல் அபின்வழி மருந்துகள், அவை அமெரிக்காவை எவ்வளவு பெரிய அடிமைப்பழக்கத்தில் கொண்டு நிறுத்தின என்பது ஊரறிந்தது. அந்தப் பின்னணியில்தான் 2020இல் அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர், நாட்பட்ட இடுப்புவலிக்கு 90 நாளில் 12 தடவை அக்குபங்சருக்குப் பணம் கட்ட முன்வந்தது.

மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு பட்ட பாடு இந்தக் குழப்பத்தின் சுருக்கம். இடுப்புவலிக்கு ஊசி போடலாம் என்று 2009இல் சொன்னது. 2016இல் போலியைவிட மேலானதாகத் தெரியவில்லை என்று எடுத்துவிட்டது. 2021இல், காரணம் தெரியாத நாட்பட்ட வலிக்குப் போடலாம் என்று மீண்டும் சொன்னது. அந்த 2021 வழிகாட்டி அதே வலிக்குப் பாராசிட்டமாலையும் வலிமாத்திரைகளையும் அபின்வழி மருந்துகளையும் தொடங்க வேண்டாம் என்கிறது. ‘போலியைவிட மேலா?’ என்பது விஞ்ஞானியின் கேள்வி. ‘சும்மா இருப்பதைவிட, கைவசம் உள்ள மாத்திரையைவிட மேலா?’ என்பது நோவுள்ளவரின் கேள்வி. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பது, அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டின் உள்பக்கப் புள்ளியைத் தூண்டுவது ஆகியவற்றுக்கும் ஓரளவு சான்று உண்டு. வலி, குமட்டல், சோர்வு: எல்லாம் மூளை அளந்து சொல்லும் சங்கதிகள். சொல்கிறவர் ‘குறைந்தது’ என்றால் குறைந்ததுதான்.

எல்லை அங்கேயே முடிகிறது. சோதனைக் குழாய்க் கருத்தரிப்புச் செய்த 848 பெண்களில், உண்மை ஊசி போட்டவர்களில் 18.3% பேர் குழந்தை பெற்றார்கள், போலி ஊசி போட்டவர்களில் 17.8%. குழந்தை பிறந்ததா இல்லையா என்பதை யாருடைய மனநிலையும் மாற்றாது. இதைவிடக் கூர்மையான சான்று 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஏட்டில் வந்த சிறிய சோதனை. ஆஸ்துமாக்காரர்கள் 39 பேர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், போலி அக்குபங்சர், ஒன்றுமில்லாமல் காத்திருப்பு என்று நான்கும். எவ்வளவு தேவலை என்று அவர்களையே கேட்டபோது, மருந்து இன்ஹேலருக்கு 50%, வெற்று இன்ஹேலருக்கு 45%, போலி ஊசிக்கு 46%, காத்திருப்புக்கு 21% முன்னேற்றம் சொன்னார்கள். பிறகு கருவியில் ஊதச் சொன்னார்கள். ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவு மருந்து இன்ஹேலருக்கு 20% கூடியிருந்தது. மற்ற மூன்றுக்கும் 7% அளவில்தான். மூச்சுக்குழல் சுருங்கியபடியே இருக்க, அவர் மட்டும் தேறிவிட்டதாக உணர்கிறார். இடுப்புவலியில் வரமாக இருந்தது இங்கே பொறியாகிறது. நோவு தணிந்தது, நோய் அப்படியே இருக்கிறது. நோவு தணிந்ததாலேயே அவர் இன்ஹேலரைத் தேடவும் மாட்டார்.

இந்தியாவுக்கு இக்கலையைக் கொண்டுவந்தவர், 1938இல் கோட்னிஸோடு சீனா சென்ற மருத்துவக் குழுவில் இருந்த கல்கத்தா மருத்துவர் பி.கே. பாசு; மேற்கு வங்கம் 1996இல் இதற்கென்று சட்டமே இயற்றியது. தமிழ்நாட்டில் இது இன்னொரு வடிவம் எடுத்திருக்கிறது. நாடி பார்த்து ஒரே ஒரு ஊசி, அல்லது ஊசியே இல்லாமல் விரல்நுனியால் ஒரு புள்ளியைத் தொடுவது, ‘மருந்தில்லா மருத்துவம்’ என்ற முழக்கம். தொட்டாலே போதும் என்பதை நான் கேலி செய்ய மாட்டேன்; குச்சிச் சோதனை அறிந்தவர் யாரும் கேலி செய்ய முடியாது. முழக்கத்தின் இரண்டாம் பாதிதான் கலக்கம் தருகிறது. உடம்பு தானே சரிசெய்துகொள்ளும், சர்க்கரை மாத்திரையை நிறுத்து, இரத்த அழுத்த மாத்திரையை வீசு, பரிசோதனையே வேண்டாம் என்று சில தொடுசிகிச்சை மேடைகளில் சொல்லப்படுகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பெரும்பாலும் நோவில்லாத நோய்கள். நோவைத் தொடும் கலைக்கு அங்கே தொடுவதற்கு எதுவுமில்லை. தேறிவிட்டோம் என்ற தெம்பு மட்டும் மிஞ்சும், கண்ணும் சிறுநீரகமும் ஓசையில்லாமல் கெடும். ஊசியின் நேரடி ஆபத்து இதற்கு முன்னால் அற்பம். ஜெர்மனியில் ஊசி போட்டுக்கொண்ட 2,29,000 பேரைப் பின்தொடர்ந்தபோது 8.6% பேருக்குச் சிறு இரத்தக்கசிவு, வலி போன்ற தொல்லைகள் ஏற்பட்டிருந்தன. நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்தது இரண்டே பேருக்கு.

ஆகவே இடுப்புவலிக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ போகிறவர் போகட்டும். முதலில் மருத்துவரிடம் காட்டி, அந்த வலிக்குப் பின்னால் எலும்புருக்கியோ கட்டியோ இல்லை என்று தெரிந்துகொண்டு போகட்டும். ஊசி புதிய உறையிலிருந்து உங்கள் கண்ணெதிரில் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஆறேழு தடவையில் வலியில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். இன்சுலினையோ இன்ஹேலரையோ விடச் சொல்கிறவர் எதிரில் உட்கார்ந்திருந்தால், ஊசி இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.